அறுவடைக்குப் பின் இடம்பெயரும் ஈரமண் வண்டு: பெடரஸ் ஃபுஸ்கிபெஸின் வாழிடமும் பரவலும் குறித்த நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே பெருநிலப்பகுதியாக அமைந்திருக்கும் செபராங் பிறையில், நெல் அறுவடை நடக்கும் வாரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடைவழி விளக்குகளைச் சுற்றி ஒரு சிறு வண்டு கூட்டமாக வந்து சேர்வது இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. வண்டு வந்து ஓரிரு நாளில் அந்தக் குடியிருப்புகளில் உள்ளவர்களுக்குக் கழுத்திலும் முகத்திலும் முழங்கையின் உள்மடிப்பிலும் நெருப்புச் சூடு பட்டதுபோல் நீளவாக்கில் சிவந்து கொப்புளம் எழும். சிலந்தி கடித்தது, அக்கி வந்தது, அமிலம் தெளித்தது என்று பலவாறாக எண்ணப்பட்ட இந்தக் கொப்புளத்துக்குக் காரணமானது பெடரஸ் ஃபுஸ்கிபெஸ் என்ற குட்டைச் சிறகு வண்டு.

இந்த வண்டைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் கொப்புளத்தில் தொடங்கிக் களிம்பில் முடிந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரை வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவின் நாணற் சதுப்புகளில் வாழ்வதாக அறியப்பட்ட ஓர் இனம், ஆசியாவின் நெல்வயல்களில் அதைவிடப் பெருந்தொகையாக வாழ்வது எப்படி? அங்கிருந்து மனிதக் குடியிருப்புக்கு அது ஏன் குறிப்பிட்ட சில வாரங்களில் மட்டும் வருகிறது? விளக்கை நாடிப் பறக்கும் வண்டைப் பார்த்து இதற்கு விடை காண முயல்வதைவிட, அது மண்ணில் இடும் முட்டையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

வண்டின் தோற்றம்

முழு வளர்ச்சியடைந்த வண்டு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அகலம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி. தலை கருப்பு. மார்புப் பகுதி செம்மஞ்சள். அதை அடுத்து முன்சிறகுகள் இரண்டும் நீலப்பச்சை உலோக மினுக்கத்தோடு, வயிற்றின் தொடக்கத்தை மட்டும் மூடும் அளவுக்குக் குட்டையாக இருக்கின்றன. வெளியே தெரியும் வயிறு மீண்டும் செம்மஞ்சளாகி, கடைசிக் கணுக்கள் கருப்பில் முடிகின்றன. ஓடும்போது எறும்பென்றே தோன்றும். தொந்தரவு செய்தால் வயிற்றின் நுனியைத் தேளைப்போல் மேலே வளைக்கும். ஆனால் அது கொட்டுவதும் இல்லை, கடித்து நஞ்சேற்றுவதும் இல்லை. குட்டையான முன்சிறகுகளுக்கு அடியில் பல மடிப்பாக மடிந்திருக்கும் பின்சிறகுகள் விரிந்தால் உடலளவுக்கு நீளமானவை. இதே பேரினத்தில் பின்சிறகு குன்றிப் பறக்கவே இயலாத இனங்கள் பல உண்டு. ஃபுஸ்கிபெஸ் பறக்க வல்லது என்பது அதன் பரவலைப் புரிந்துகொள்வதில் முதன்மையான செய்தி.

ரோவ் வண்டுகள் எனப்படும் இந்தக் குடும்பத்தில் 60,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பெடரஸ் வகையில் மட்டும் 600-க்கு மேல். ஃபுஸ்கிபெஸை 1826-இல் அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் இங்கிலாந்தின் பூச்சியியலாளர் ஜான் கர்ட்டிஸ்.

முட்டை தேடும் ஈரம்

பெண் வண்டு முட்டைகளைக் குவியலாக இடுவதில்லை. ஈரமண்ணின் மேற்பரப்பில், மண்கட்டிகளுக்கு இடையிலோ மட்கிய தாள்களுக்கு அடியிலோ, ஒவ்வொன்றாக இடுகிறது. அந்த முட்டைக்கு உலர்வைத் தாங்கும் தடித்த ஓடு கிடையாது. சுற்றியுள்ள மண் காய்ந்தால் முட்டை சுருங்கி இறந்துவிடும். மண்மீது தண்ணீர் நின்றுகொண்டே இருந்தாலும் அதற்கு வாழ்வில்லை. ஆகவே அது கேட்பது மிகக் குறுகிய ஓர் இடைநிலை: நீர் வடிந்திருக்க வேண்டும், ஈரம் வடிந்திருக்கக் கூடாது. கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாகப் பிடிபடுகிற, ஆனால் விரலிடுக்கில் நீர் சொட்டாத மண் என்று இதைச் சொல்லலாம்.

முட்டையிலிருந்து வரும் புழுவும் அதே மண்ணில்தான் வேட்டையாடுகிறது. இரண்டே புழுப் பருவங்களைக் கடந்து, மண்ணுக்குள் சிறு அறையொன்று அமைத்துக் கூட்டுப்புழுவாகி, வெப்ப நாடுகளில் சில வாரங்களுக்குள் முழு வண்டாக வெளிவருகிறது. வெப்பம் குறையக் குறைய இந்தக் காலம் நீளும். ஐரோப்பாவின் வடபகுதியில் முழு வண்டுகள் நாணல் சருகுகளுக்கும் புற்குத்துகளுக்கும் அடியில் ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில்தான் முட்டையிடத் தொடங்குகின்றன; எனவே அங்கே ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறைகளுக்கு மேல் இடமில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பினாங்கில் குளிரென்ற தடை இல்லை. அங்கு இந்த வண்டின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது மண்ணின் ஈரம் ஒன்றே.

ஆற்றின் வெள்ளச் சமவெளி, ஏரிக்கரை, சதுப்பின் விளிம்பு, நாணற்காட்டின் ஓரம் ஆகியவை இந்த வண்டின் இயற்கை வாழிடங்களாக நூல்களில் தனித்தனியே பட்டியலிடப்படுகின்றன. அவை அனைத்துக்கும் பொதுவானது நீர்மட்டம் ஏறி இறங்குவதால் வெளிப்படும் ஈரமண் பட்டை என்பதை அந்தப் பட்டியல்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. அந்தப் பட்டை இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று மூழ்கிய கரை அடுத்த வாரம் வெளிப்படும், சென்ற மாதம் ஈரமாக இருந்த இடம் இந்த மாதம் வெடித்துக் கிடக்கும். இப்படிப்பட்ட நிலத்தில் வாழும் உயிருக்குச் சிறகு தேவை. நிலையான சதுப்பில் வாழும் அதன் உறவினங்கள் சில சிறகை இழந்திருக்க, ஃபுஸ்கிபெஸ் அதைக் காத்துவைத்திருப்பதற்கு இந்த நிலையற்ற ஈரமே காரணம் என்று கருதுகிறேன்.

நெல்வயலின் பருவங்கள்

நெல் சாகுபடி என்பது ஒரு வெள்ளச் சமவெளியை மனிதன் வரப்பு கட்டி, தன் விருப்பப்படி நிரப்பியும் வடித்தும் நடத்துவதாகும். ஆற்றங்கரையில் ஒரு முழ அகலத்துக்குக் கிடைத்த ஈரமண் பட்டை, வயலில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடைக்கிறது. ஆனால் எல்லாப் பருவத்திலும் அல்ல.

தொழி உழவு முடிந்து நீர் தேக்கி நடவு நடக்கும்போது வயலின் நடுவே இந்த வண்டுக்கு இடமில்லை. வரப்புகளிலும் வாய்க்கால் கரைப் புல்லிலும்தான் அது தங்கியிருக்கும். பயிர் தூர் கட்டத் தொடங்கியதும் நிழல் கூடுகிறது. புகையானும் தத்துப்பூச்சிகளும் இலைச்சுருட்டுப் புழுவும் பெருகுகின்றன. வண்டு வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்குகிறது. பகலில் தூரின் அடியிலும் மண் வெடிப்பிலும் பதுங்கியிருந்து, பொழுது சாய்ந்ததும் தாளில் ஏறி இரை தேடும் அது, இலைச்சுருட்டுப் புழு தைத்துவைத்த இலைமடிப்புக்குள் நுழைந்து புழுவைப் பிடிக்கக் கூடியது. மெலிந்து நீண்ட உடல் அதற்குத் தோதாக இருக்கிறது. கதிர் முற்றும் பருவத்தில் உழவர்கள் நீரை வடிக்கிறார்கள். மேலே பயிரின் மூடாக்கு, கீழே நீரில்லாத ஈரமண், நடுவே நிறைய இரை என்ற அந்தச் சேர்க்கை முட்டைக்கும் புழுவுக்கும் ஏற்ற காலம். வண்டின் எண்ணிக்கை வயலில் ஏறிக்கொண்டு போவது அப்போதுதான்.

பிறகு அறுவடை இயந்திரம் இறங்குகிறது. ஒரே நாளில் நிழல் போய்விடுகிறது. வெயில் நேரே மண்ணில் விழுகிறது. சில இடங்களில் தாள்கட்டைகளுக்குத் தீ வைக்கிறார்கள். சில இடங்களில் உடனே அடுத்த உழவு தொடங்குகிறது. உச்ச எண்ணிக்கையில் இருந்த வண்டுக் கூட்டம் அதே வாரத்தில் வாழிடத்தை முழுவதுமாக இழக்கிறது. இயற்கைச் சதுப்பில் ஈரம் மெல்ல மெல்லப் பின்வாங்கும், வண்டும் அதன் பின்னே நகரும். வயலில் அந்த அவகாசம் கிடையாது. அது மேலெழுந்து பறக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்கள் 2010-களின் முற்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகள், வயலில் வண்டின் எண்ணிக்கை பயிரின் வயதைத் தொடர்ந்து மாறுவதையும், அறுவடையும் உழவும் அதன் இடப்பெயர்வைத் தூண்டுவதையும் காட்டின. குடியிருப்புகளில் வண்டு தோன்றும் காலம் நெல்லின் கால அட்டவணையோடு பொருந்திப்போவதற்கு இதுவே காரணம்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட மலேசியாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. ஒருபோகம் மட்டும் விளைந்த காலத்தில் அறுவடைக்குப் பிறகு வயல்கள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தன. கெடா, பெர்லிஸ் மாநிலங்களுக்கான மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் நடைமுறைக்கு வந்து இருபோகச் சாகுபடியைப் பரவலாக்கியது. பேராக்கின் கிரியான் பகுதியிலும் செபராங் பிறையிலும் அவ்வாறே இருபோகம் நிலைபெற்றது. இதனால் மண் நீண்ட நாள் காய்ந்துகிடக்கும் இடைவெளி இல்லாமல் போனது. ஆண்டுக்கு ஒருமுறை இந்த வண்டின் தொகையைக் கீழே இறக்கிவந்த வறட்சியை நீர்ப்பாசனமே நீக்கிவிட்டது என்றும், அதே நிலப்பரப்பில் பின்னாளில் குடியிருப்புகள் வயலின் ஓரம்வரை வந்தபோது சிக்கல் வெளிப்பட்டது என்றும் கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. வண்டு புதிதாக எங்கிருந்தோ வந்து சேரவில்லை. அது அங்கேயே இருந்தது.

காவிரிப் படுகையோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். தமிழ்நாட்டின் நெல்வயல்களிலும் ஃபுஸ்கிபெஸ் இயற்கை எதிரிப் பூச்சியாக வேளாண் துறையினரால் நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டுவருகிறது. ஆனால் தாளடி அறுவடைக்குப் பின் மேட்டூரில் ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறக்கும்வரை படுகையின் பெரும்பகுதி வெயிலில் வெடித்துக் கிடக்கும். அந்த மாதங்களில் ஈரமண் என்பது குளக்கரைகளிலும், வடிகால் ஓரங்களிலும், ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனமுள்ள துண்டு நிலங்களிலும் மட்டுமே மிஞ்சுகிறது. ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் செபராங் பிறையின் வயல் ஒரு தொடர்ச்சி. படுகையின் வயல் ஆண்டுதோறும் அறுந்து மீண்டும் இணையும் ஒன்று.

பரவலும் இன அடையாளமும்

பிரிட்டனிலிருந்து தொடங்கி, ஐரோப்பா முழுவதும், மத்தியதரைக்கடலின் ஓரங்கள், ஈரான், நடு ஆசியா, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்கு ஆசியா, சீனா, தைவான், ஜப்பான் என்று ஃபுஸ்கிபெஸின் பரவல் நீள்கிறது. ஒரே இனம் இவ்வளவு விரிந்த நிலப்பரப்பில் வாழ்வது பெடரஸ் பேரினத்தில் அரிது. ஆனால் நிலப்படத்தில் இந்தப் பரப்பை ஒரே வண்ணத்தில் நிரப்பிவிடுவது தவறான தோற்றத்தைத் தரும். இங்கிலாந்தில் அது சிதறிய சதுப்புகளில் தேடிக் காண வேண்டிய வண்டு. ஈரானில் காஸ்பியன் கடலோரத்து மாசந்தரான், கீலான் மாநிலங்களின் நெல்வயல்களில் அது பெருந்தொகை. தோல் அழற்சியும் அங்கே நன்கு அறியப்பட்டது. அதே நாட்டின் வறண்ட உட்பகுதியில் ஈரமுள்ள இடங்கள் துண்டு துண்டானவை, வண்டும் அப்படியே.

இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி இந்த வண்டின் ஆய்வு வரலாற்றில் தனியிடம் பெற்றது. நெல் விளையும் பாவியா பகுதியின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரியோ பவான், போ என்பவருடன் சேர்ந்து 1953-இல் இந்த வண்டின் நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்துப் பெடரின் என்று பெயரிட்டார். வேதியியல் ஆய்வுக்குப் போதுமான அளவு பெடரினைச் சேர்க்க ஏறத்தாழ 2.5 கோடி ஃபுஸ்கிபெஸ் வண்டுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு வண்டிலும் அந்தப் பொருள் மிகச் சிறிதளவே உண்டு என்பதற்காக இந்த எண் மேற்கோள் காட்டப்படுவது வழக்கம். வாழிடத்தைப் பற்றி யோசிப்பவருக்கு அதே எண் வேறொன்றையும் காட்டுகிறது: இரண்டரைக் கோடி வண்டுகளைத் தரக்கூடிய அடர்த்தியில் ஐரோப்பாவிலேயே இந்த இனம் இருந்திருக்கிறது.

பரவல் பதிவுகளில் இனம் காண்பதே பெரிய இடர். நீலச் சிறகும் செம்மஞ்சள் உடலும் கருத்த நுனியும் பல பெடரஸ் இனங்களுக்குப் பொது. ஆசியாவில் பெடரஸ் தமுலஸ் போன்ற நெருங்கிய இனங்கள் உள்ளன. தென்னிந்தியாவில் பெடரஸ் மெலாம்புஸ் என்ற இனமும் தோல் அழற்சியோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்த பின்னரே பல நேரங்களில் இனத்தை உறுதி செய்ய முடியும். மருத்துவமனைப் பதிவுகளிலோ வண்டு பெரும்பாலும் கைக்குக் கிடைப்பதே இல்லை. கொப்புளத்தின் வடிவத்தைக் கொண்டு பெடரஸ் என்று மட்டும் எழுதப்படுகிறது. 2022-இல் சிக்கிமில் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இந்த அழற்சி வந்தபோது ஆப்பிரிக்காவின் ‘நைரோபி ஈ’ இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதாகச் செய்திகள் பரவின. நைரோபி ஈ எனப்படுபவை கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழும் வேறு பெடரஸ் இனங்கள். இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும் பெடரஸ் வண்டுகள் காலங்காலமாக வாழ்ந்துவருகின்றன. இத்தகைய தவறான பெயர் ஒருமுறை அச்சேறினால் பரவல் நிலப்படத்தில் இல்லாத ஒரு புள்ளி விழுந்துவிடும், பிறகு அதை அழிப்பது கடினம்.

கிழக்கு ஆப்பிரிக்க எடுத்துக்காட்டு வேறொரு வகையில் பயன்படும். 1997–98-இல் எல் நினோ மழை கென்யாவில் கொட்டித் தீர்த்தபோது அங்கே நைரோபி ஈ பெருந்தொகையாகப் பெருகியது. அங்கே மழை ஈரமண்ணை விரித்ததால் வண்டு பெருகிப் பரவியது. செபராங் பிறையில் அறுவடை ஈரமண்ணைச் சுருக்குவதால் வண்டு வெளியேறுகிறது. குடியிருப்பில் காணும் விளைவு இரண்டிலும் ஒன்று. காரணம் நேர்மாறு. 2012 மார்ச்சில் இந்தோனேசியாவின் சுராபாயாவில் ‘டாம்கேட்’ என்ற பெயரில் ஃபுஸ்கிபெஸ் அடுக்குமாடிகளுக்குள் வந்து பெரும் அச்சத்தைக் கிளப்பிய நிகழ்வையும், எந்த வகைக் காரணம் என்று முதலில் பிரித்துப் பார்க்காமல் அணுக முடியாது. அங்கே பாதிக்கப்பட்ட நகரின் கிழக்குப் பகுதி ஈரநிலங்களையும் வயல்களையும் ஒட்டிக் குடியிருப்புகள் விரிந்த பகுதி.

பெடரினும் வாழிடமும்

பெடரின் வண்டின் சொந்தப் படைப்பன்று. பெண் வண்டுக்குள் வாழும், சூடோமோனாஸ் வகையைச் சார்ந்த ஒரு பாக்டீரியம் அதைத் தயாரிக்கிறது. அதற்கான மரபணுத் தொகுதியை 2002-இல் யோர்ன் பீல் வெளியிட்டார். தாய் அந்தப் பொருளை முட்டைக்குள் வைத்து அனுப்புகிறாள். ஆண் வண்டுகளிலும் புழுக்களிலும் இருப்பது பெரும்பாலும் இப்படித் தாய்வழி வந்த சிறிதளவு மட்டுமே. ஓநாய்ச் சிலந்திகள் பெடரின் உள்ள புழுவைப் பிடித்தாலும் உண்ணாமல் விட்டுவிடுவதை ரூபர்ட் கெல்னரும் கான்ராட் டெட்னரும் 1996-இல் காட்டினர். ஈரமண் பரப்பிலும் நெல்லின் தூரடியிலும் மிகுதியாக அலையும் வேட்டைச் சிலந்திகள் இந்த ஓநாய்ச் சிலந்திகளே என்பதை நினைத்தால், அதே தளத்தில் ஓடித் திரியும் மென்மையான புழுவுக்கு இந்தப் பாதுகாப்பு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். மனிதத் தோலில் எழும் கொப்புளம் அந்த ஏற்பாட்டின் தற்செயலான விளைவு. வண்டை நசுக்கினால்தான் உடல்நீர் தோலில் படுகிறது. அது உயிரணுக்களில் புரத உருவாக்கத்தைத் தடுக்கிறது. அதனால் உடனே எரிச்சல் தோன்றாமல் ஒருநாள் கழிந்த பின்னர்தான் சிவப்பும் கொப்புளமும் தெரிகின்றன. இந்தத் தாமதமே பலர் வண்டையும் கொப்புளத்தையும் தொடர்புபடுத்திப் பார்க்காமல் போவதற்குக் காரணம்.

குடியிருப்பில் நடப்பது

வயலை விட்டெழுந்த வண்டு முன்னிரவில் வெளிச்சத்தை நோக்கி வருகிறது. வயலைப் பார்த்த பக்கத்து நடைவழிகளில் வெண்ணிறக் குழல்விளக்கு எரியும்போது, விளக்கின் கீழுள்ள சுவரில் அது இறங்கி, சிறகை மடித்துக்கொண்டு, எறும்பைப்போல் சுவரோடு ஓடத் தொடங்கும். கதவிடுக்கு வழியே உள்ளே போய், படுக்கை விரிப்பிலோ காயப்போட்டு எடுத்த துண்டிலோ ஏறும். உறக்கத்தில் கழுத்தில் ஊர்வதைத் தட்டி நசுக்குவதுதான் பெரும்பாலான கொப்புளங்களின் தொடக்கம். இந்த இடத்தில் வண்டைப் பொறுத்தவரை நடந்திருப்பது ஒரு வழிதவறல் மட்டுமே: சிமெண்டுத் தரையில் அதற்கு இரையும் இல்லை, முட்டையிட மண்ணும் இல்லை. குடியிருப்பில் அது இனம் பெருக்குவதில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் வருவது வயலிலிருந்து வரும் புதிய கூட்டம்.

ஆகவே குடியிருப்புக்குள் மருந்தடிப்பதால் அன்றிரவு வந்த வண்டுகள் சாகலாம், மறுநாள் வருபவற்றை அது தடுக்காது. வயலில் மருந்தடித்து இந்த வண்டை ஒழிக்கலாம் என்ற யோசனையோ இன்னும் கேடானது. புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் தின்னும் ஒரு வேட்டைப் பூச்சியை, அதனோடு சேர்த்து ஓநாய்ச் சிலந்திகளையும், உழவர் தம் செலவிலேயே அழிப்பதாக அது முடியும். இயற்கை எதிரிகள் அழிந்த வயலில் புகையான் வெடித்துப் பெருகியதை ஆசியாவின் நெல் நாடுகள் 1970-களிலும் 80-களிலும் பட்டறிந்திருக்கின்றன.

செய்யத்தக்கவை வாழிடத்திலிருந்தே கிடைக்கின்றன. ஒரு பாசனப் பகுதி முழுவதும் ஒரே வாரத்தில் அறுத்துத் தீ வைத்துவிடாமல், வரப்போரப் புல்லையும் வாய்க்கால் கரையையும் அறுவடையின்போது அப்படியே விட்டுவைத்தால், வெளியேறும் வண்டின் ஒரு பகுதிக்காவது அருகிலேயே ஈரமான ஒதுங்கிடம் கிடைக்கும். அடுத்த போகத்துக்கு அவையே வயலுக்குத் திரும்பும் காவலர்கள். குடியிருப்புப் பக்கத்தில், அறுவடைக்கு முந்தைய வாரத்திலிருந்து உழவு முடியும்வரை வயலை நோக்கிய விளக்குகளை மறைப்பிட்டுக் கீழ்நோக்கித் திருப்புவதும், வெண்ணிற விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு இடுவதும், மாலையில் வயல்பக்கச் சன்னல்களை வலையிட்டு மூடுவதும் போதும். வண்டு உடலில் ஏறினால் நசுக்காமல் ஊதிவிட வேண்டும், அல்லது தாளொன்றில் ஏறவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். நசுங்கிவிட்டால் அந்த இடத்தைக் கண்ணுக்கோ மடிப்புகளுக்கோ தேய்த்துப் பரப்பாமல் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். கட்டட அனுமதி தரும் நிலையில் இருப்பவர்கள், வயலுக்கு நேர்முகமாகத் திறந்த நடைவழிகளை அமைக்கும் வரைபடத்தை ஏற்பதற்கு முன் அந்த வயலின் அறுவடை மாதங்களைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.